கைஜி சீசன் 2, முதல் எபிசோட்: பகடை உருளுறதுக்கு முன்னாடியே தோத்த கதை

சூதாட்ட அனிமேன்னு சொல்லிட்டு ஒருத்தர் உங்ககிட்ட கைஜி ரெண்டாவது சீசனோட முதல் எபிசோடைக் கொடுத்தா, இதுல ஆட்டம் எங்கடான்னு நீங்க கேக்கலாம், ஏன்னா அந்த எபிசோடோட உயிர் இருக்கிற இடத்துல சீட்டும் இல்ல, பகடையும் இல்ல, ஒரு சின்ன பீர் கேனும் அதைக் கையில வச்சுக்கிட்டு அழுற ஒருத்தனும்தான் இருக்கான். என்னைக் கேட்டா மொத்த சீசன்லயும் கைஜி தோத்த முதல் ஆட்டம் அதுதான், அதுவும் சும்மா தோக்கல, எதிர்ல ஒரு ஆட்டம் நடக்குதுன்னே தெரியாம தோத்தான். அதைத்தான் இங்க கொஞ்சம் பிரிச்சுப் பாக்கப் போறேன். பின்னாடி வர்ற பகடை ஆட்டத்தோட ரகசியம் எதையும் சொல்லப் போறதில்ல, பயப்படாம படிக்கலாம்.

முதல்ல பின்னணி. ஃபுகுமோட்டோ நொபுயுகி 1996ல எழுத ஆரம்பிச்ச மங்கா, அதாவது ஜப்பான் காமிக்ஸ் இது, மேட்ஹவுஸ் ஸ்டூடியோ அனிமேவா எடுத்துச்சு, டைரக்டர் சாட்டோ யுஸோ. முதல் சீசன் 2007 அக்டோபர்ல ஆரம்பிச்சு 26 எபிசோட், ரெண்டாவது சீசன் 2011 ஏப்ரல்ல ஆரம்பிச்சு இன்னொரு 26. நடுவுல மூணு வருஷத்துக்கு மேல கேப். முதல் சீசன்ல இட்டோ கைஜி என்னல்லாம் பட்டான்னு ஞாபகம் இருக்கும். கூட வேலை பாத்த ஒருத்தன் வாங்குன 3 லட்சம் யென் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டான், மாசத்துக்கு 20 சதவீதம் கூட்டு வட்டி, 14 மாசத்துல அது 38 லட்சத்து 50 ஆயிரம் ஆகி நின்னுச்சு. கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க, 1.2ஐ 14 தடவை பெருக்கினா கிட்டத்தட்ட 12.8 மடங்கு, ஃபுகுமோட்டோ கணக்கு சரியாவே வரும். அதுக்கப்புறம் கடன்ல மாட்டுனவங்களைச் சூதாட வச்ச எஸ்பொவார் கப்பல், உயரத்துல ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல இரும்பு உத்தரத்து மேல நடந்தது, டொனெகாவாங்கிற அதிகாரிகூட ஆடுன ஈ-கார்டுங்கிற சீட்டாட்டம், கடைசியில இதையெல்லாம் நடத்துற டெயாய் குரூப்போட தலைவர் ஹ்யோடோகிட்ட நாலு விரலை இழந்தது. விரலை அப்புறம் ஒட்ட வச்சுக்கிட்டான், ஆனா கடன் ஒட்டிக்கிட்டே வந்துச்சு, இப்ப ஒரு கோடி யென்னுக்குக் கொஞ்சம்தான் கம்மி.

ரெண்டாவது சீசன் ஆரம்பிக்கும்போது அவன் எண்டோவைத் தேடிப் போறான். எண்டோதான் அவனை முதல் தடவை அந்தக் கப்பலுக்கு அனுப்புன கந்துவட்டிக்காரன். இன்னொரு சான்ஸ் கொடு, இன்னொரு பெரிய ஆட்டம் இருந்தா சொல்லுன்னு கேக்கத்தான் போறான், அதாவது யாரும் இழுத்துட்டுப் போகல, தானாவே போய் மாட்டுறான். கண்ணு முழிக்கும்போது பூமிக்கு அடியில கிடக்கான். ஹ்யோடோ தனக்காக ஒரு பாதாள நகரம் கட்டிக்கிட்டு இருக்காரு, கடனைக் கட்ட முடியாதவங்கதான் அதுக்குக் கூலியாள். வெயில் கிடையாது, புழுதி, சூடு, காத்தோட்டம் இல்ல, சாப்பாட்டுக்குச் சோறும் காஞ்ச மீனும், ராத்திரி கூட்டமாப் படுக்கை. இந்த இடத்தையெல்லாம் எபிசோட் ரொம்ப வேகமா காட்டிட்டுப் போயிரும், அது சரியும்தான், ஏன்னா நரகம் எப்படி இருக்கும்னு காட்டுறது இங்க நோக்கம் இல்ல, அந்த நரகத்துல காசு எப்படி வேலை செய்யுதுங்கிறதுதான் விஷயம்.

அந்தக் காசுக்குப் பேர் பெரிக்கா. 10 பெரிக்கா ஒரு யென்னுக்குச் சமம், நோட்டுல ஹ்யோடோ மூஞ்சி. ஒரு நாள் கூலி 3500 பெரிக்கா, மாசத்துக்கு 26 நாள் வேலைன்னா 91,000 பெரிக்கா கைக்கு வரும். கேக்கும்போது பெரிய தொகை மாதிரி இருக்கும், கையில கத்தையா வரும், ஆனா யென்ல மாத்துனா 9100தான், ஒரு மாசம் முழுக்க மண்ணைச் சுமந்ததுக்கு. இது ஏதோ கதைக்காகப் போட்ட விசித்திரமான பேருன்னு தாண்டிப் போயிடக் கூடாது. வெளிய செல்லாத காசுல கூலி கொடுத்தா அந்தக் காசு செல்லுற ஒரே கடை உன்னோட கடைதான், விலையும் நீ வச்சதுதான், அப்ப கொடுத்த கூலி திரும்ப உன் கைக்கே வந்துரும். சுரங்கம், தோட்டம்னு உலகத்துல நிறைய இடத்துல முதலாளிங்க இதையே பண்ணியிருக்காங்க. ஜப்பான்லயே ஹொக்கைடோவுல ரோடும் ரயில் பாதையும் போட்ட காலத்துல முன்பணம் கொடுத்து ஆளைக் கடன்ல கட்டி, பூட்டுன கொட்டகையில அடைச்சு வச்சு வேலை வாங்குனாங்க, டாகோபேயான்னு அதைச் சொல்வாங்க. அந்தப் பழக்கத்தையெல்லாம் மனசுல வச்சுத்தான் 1947ல வந்த தொழிலாளர் தரநிலைச் சட்டத்துல 5ஆவது பிரிவு கட்டாய வேலையைத் தடுக்குது, 17ஆவது பிரிவு வேலை செஞ்சு கழிக்கணும்னு கொடுத்த முன்பணத்தைக் கூலியில பிடிக்கக் கூடாதுன்னு சொல்லுது, 24ஆவது பிரிவு கூலியை நாட்டோட பணத்துல, நேரா, முழுசா கொடுக்கணும்னு சொல்லுது. ஹ்யோடோவோட பாதாளம் இந்த மூணையும் ஒண்ணு விடாம மீறுது. ஃபுகுமோட்டோ அந்தச் சட்டத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எழுதுனாரோ என்னவோ, ஆனா அந்தச் சட்டம் எதுக்காக வந்துச்சுன்னு யாருக்காவது புரிய வைக்கணும்னா இந்த எபிசோடைப் போட்டுக் காட்டலாம்.

இப்ப மெயின் மேட்டருக்கு வருவோம். அங்க ஒரே ஒரு வாசல் உண்டு, 5 லட்சம் பெரிக்கா கொடுத்தா ஒரு நாள் வெளிய போயிட்டு வரலாம். கைஜி உடனே கணக்குப் போடுறான், ஒரு காசு செலவு பண்ணாம ஆறு மாசம் சேத்தா அந்தப் பாஸ் கிடைக்கும், அந்த ஒரு நாள்ல வெளிய எங்கயாவது பெருசா ஆடி ஜெயிச்சு மொத்தக் கடனையும் அடைச்சிரலாம். இந்தத் திட்டத்தைக் கொஞ்சம் கவனிங்க. சிக்கனமா இருக்கணும்னு முடிவு பண்றான், ஆனா அந்தச் சிக்கனம் எதுக்குன்னா திரும்பவும் சூதாட. சேமிப்பே ஒரு ஆட்டத்துக்கான பந்தயப் பணம்தான். அதனால அவன் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கிறதைப் பாத்து நமக்கு மரியாதை வருது, அதே நேரம் இவன் எங்க போய் நிக்கப் போறான்னு வயித்தக் கலக்குது. ரெண்டையும் ஒரே நேரத்துல வர வைக்கிறது லேசான வேலை இல்ல.

சம்பள நாள் வருது. ஓட்சுகி வர்றாரு. கூலியாளுங்கள்ல ‘ஈ’ங்கிற குரூப்போட ஹான்ச்சோ, அதாவது மேஸ்திரி மாதிரி, குண்டா, சாந்தமா, சிரிச்ச முகமா இருப்பாரு. குரல் கொடுத்தது சோங்கிற ஜப்பான் குரல் நடிகர், ஒன் பீஸ் அனிமேல புரூக் கேரக்டருக்குப் பேசுனவர், இங்க அந்தக் குரல்ல ஒரு சொந்தக்கார மாமா வீட்டுக்கு வந்த மாதிரி ஒரு இதம் இருக்கு. சம்பளம் வாங்குன கையோட எல்லாரும் ஓட்சுகி கடையில போய் பீர், சிப்ஸ்னு வாங்குறாங்க, கைஜி மட்டும் ஒதுங்கி நிக்கிறான். ஓட்சுகி அவனை வாங்கச் சொல்லி வற்புறுத்தல, மாறா ஒரு கேனை இலவசமா கொடுக்கிறாரு, முதல் சம்பளம் வாங்கியிருக்க, இது என்னோட அன்பளிப்பு, வச்சுக்கன்னு. அவ்வளவுதான். கொடுத்துட்டுப் போயிடுறாரு.

அந்தக் கேன் 135 மில்லி. ரெண்டு மடக்குல முடிஞ்சிரும். ஆனா அந்த ரெண்டு மடக்கை அனிமே எவ்வளவு நேரம் இழுக்குதுன்னு பாருங்க, கேன் மேல இருக்கிற ஈரம், திறக்கிற சத்தம், தொண்டையில இறங்குறது, அதுக்கப்புறம் அவன் உடம்பு முழுக்க ஓடுற நடுக்கம், கண்ணுல தண்ணி. ஜில்லுன்னு இருக்கு, இவ்வளவு ருசியா இருக்கிறது குத்தம்ங்கிற மாதிரி புலம்புறான். ஜப்பான்ல இந்த சீன் தெரியாத நெட் ஆளே கிடையாதுங்கிற அளவுக்கு மீமா ஆயிருச்சு, 2009ல ஃபுஜிவாரா டட்சுயா நடிச்சு வந்த படத்துலயும் இந்த பீர் சீன் உண்டு, அவர் பண்ணதையும் இன்னைக்கு வரைக்கும் மிமிக்ரி பண்றாங்க. நிறையப் பேர் இதைச் சிரிப்பு சீனா பாக்குறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. கைஜிக்குக் குரல் கொடுத்த ஹகிவாரா மசாட்டோ பொதுவா திரையில நடிக்கிற நடிகர், நிஜ வாழ்க்கையில 2018ல எம் லீக்ங்கிற ஜப்பான் மாஜோங் லீக்ல ஆட ஆரம்பிச்ச தொழில்முறை மாஜோங் ஆட்டக்காரரும்கூட (மாஜோங்னா கட்டைகளை வச்சு ஆடுற ஆட்டம்), அவர் இந்த இடத்துல அழுறதும் சிரிக்கிறதும் கலந்து ஒரு மாதிரி மூச்சு விடுறாரு, அதைக் காதுல போட்டுக் கேட்டா சிரிப்பு வராது. மனுஷனோட மானம் எவ்வளவு கீழ போயிருந்தா 135 மில்லிக்கு இப்படி உடைவான்னுதான் தோணும்.

முதல் சீசன் கைஜியை இங்க பக்கத்துல நிறுத்திப் பாக்கணும். உத்தரத்து மேல நின்னப்ப விழுந்தா சாவுன்னு தெரியும், கால் நடுங்குச்சு, ஆனா மனசு தெளிவா இருந்துச்சு. டொனெகாவா முன்னாடி உக்காந்தப்ப தன் காதையே அறுத்துக்கிட்டு ஜெயிச்சான். பயமுறுத்துற எதிரி முன்னாடி கைஜி மாதிரி ஒருத்தன் கிடையாது. ஓட்சுகி பயமுறுத்தல, அன்பா நடந்துக்கிறாரு. அன்பு காட்டுறவன் எதிர்ல கைஜிக்குக் கவசமே கிடையாது, அவன் வாழ்க்கை முழுக்க அப்படித்தான், ஜாமீன் கையெழுத்துப் போட்டதுல ஆரம்பிச்சு அதுதான் அவனோட ஓட்டை. ஃபுகுமோட்டோ ரெண்டாவது பாகத்துக்கு இன்னும் பெரிய, இன்னும் கொடூரமான எதிரியைக் கொண்டு வராம ஒரு கேன்டீன் மாமாவைக் கொண்டு வந்தாரு பாருங்க, அங்கதான் அவர் எழுத்தாளரா நிக்கிறாரு.

அடுத்த நாள் கைஜி தானாவே கடைக்கு வர்றான். பீர் கேன் 5000 பெரிக்கா, அதாவது ஒன்றரை நாள் உழைப்புக்கிட்ட. அதுகூட கடிச்சுக்க மலிவா, சின்னப் பாக்கெட் நொறுக்குத்தீனி ஒண்ணு எடுத்துக்கலாம்னு கை நீட்டுறான். இங்கதான் ஓட்சுகியோட பேச்சு வருது, மொத்த எபிசோடோட மையம் அதுதான். சாரத்தை என் வார்த்தையில சொல்றேன்: தம்பி, உனக்கு ஆசையைத் தீத்துக்கத் தெரியலப்பா, உன் கண்ணு நிக்கிறது அந்த யாகிடோரி (குச்சியில குத்திச் சுட்ட கோழி) மேல, அதைச் சூடு பண்ணி ஜில் பீரோட சாப்பிடணும்னுதான் உனக்கு இருக்கு, விலை ஜாஸ்தின்னு இந்தச் சின்னப் பாக்கெட்டை வச்சு உன்னையே ஏமாத்திக்கப் பாக்குற, அப்படிப் பண்ணா சாப்பிடாத யாகிடோரி கண்ணு முன்னாடி ஆடிக்கிட்டே இருக்கும், மனசுல இருக்கிற விஷம் இறங்காது, செய்யுறதுன்னா முழுசா செஞ்சிரணும், அப்பத்தான் நாளையில இருந்து கட்டுப்பாடா இருக்கத் தெம்பு வரும்.

கேக்கிறப்ப சரியாத்தானே இருக்கு? அதான் பயங்கரம். முதல் பாதி உண்மை, அரைகுறையா ஆசையை அடக்குனா அது உறுத்தத்தான் செய்யும், இது எல்லாருக்கும் தெரிஞ்ச அனுபவம். அந்த உண்மையை வச்சு உன் நம்பிக்கையைச் சம்பாதிச்சுட்டு, ரெண்டாவது பாதியை, அதாவது இன்னைக்கு முழுசா செலவு பண்ணா நாளைக்குக் கட்டுப்பாடு ஈஸிங்கிற பொய்யை, அதோட சேத்துத் தள்ளிவிட்டுடுறாரு. இது ஏன் பொய்னு ஆராய்ச்சியே இருக்கு. 1975ல ஹெர்மன், மேக்ங்கிற ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் சேந்து ஒரு சோதனை பண்ணாங்க, டயட்ல இருக்கிறவங்களுக்கு முதல்ல மில்க் ஷேக் கொடுத்துட்டு அப்புறம் ஐஸ்க்ரீம் முன்னாடி உக்கார வச்சாங்க. வயிறு நிறைஞ்சதால கம்மியா சாப்பிடணும்ல, அவங்க மில்க் ஷேக் குடிக்காத டயட்காரங்களை விட அதிகமா ஐஸ்க்ரீம் சாப்பிட்டாங்க. கட்டுப்பாடு ஒரு தடவை உடைஞ்சா, அதான் உடைஞ்சிருச்சேன்னு மிச்சத்தையும் உடைக்கிறதுதான் மனசோட வழக்கம். அந்த இலவசக் கேன்தான் இங்க மில்க் ஷேக். ஓட்சுகி எந்த ஆராய்ச்சியும் படிச்சிருக்க மாட்டாரு, எத்தனையோ புதுசா வந்த ஆளுங்களைப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டது.

யாகிடோரி 7000, பீர் 5000, சிப்ஸ் எடுத்தா 3000. ஒரு ராத்திரிக்கு 15,000 பெரிக்கா, நாலு நாள் கூலிக்கு மேல. 91,000ல இப்படி ஆறு ராத்திரிதான் ஓட்ட முடியும். கைஜி என்ன பண்ணான்னா, இன்னைக்கு மட்டும்னு வாங்குனான், மறுநாளும் இன்னைக்கு மட்டும்னு வாங்குனான், இப்படியே போச்சு. சேத்து வைக்கிற மாசம்னு ஆரம்பிச்சது கையில கொஞ்சம் சில்லறையோட முடியுது. அவன் குடிச்சுட்டுக் கிடக்கும்போது ஓட்சுகி தன் ஆளுங்ககிட்ட அவனைப் பத்திப் பேசுறதுதான் எனக்கு ரொம்ப உறைச்ச இடம். நாளையில இருந்து முயற்சி பண்றேன்னு சொல்றவன்கிட்ட எந்த முளையும் விடாது, இன்னைக்கு முயற்சி பண்றவனுக்குத்தான் நாளைன்னு ஒண்ணு வரும்னு சொல்றாரு. ஜப்பான்ல இதை போஸ்டர் போட்டு மாட்டுற அளவுக்குத் தன்னம்பிக்கை வாசகமா எடுத்துக்கிட்டாங்க, ஆனா சொன்னது யாரு, எதுக்கு, எப்போங்கிறதைப் பாக்கணும். உண்மையைத் தெளிவா தெரிஞ்ச ஒரே ஆள் அந்தக் கொள்ளைக்காரன்தான். கைஜிக்கு வேண்டிய புத்திமதி அதுதான், அதைச் சொல்ல வேண்டிய வாய்தான் அவன் முன்னாடி அதுக்கு நேர் எதிரா பேசுச்சு. தெரியாம கெடுக்கிறவன் இல்ல, தெரிஞ்சு அளந்து கெடுக்கிறவன்.

அப்ப தப்பு யார் மேல? கைஜி பலவீனமானவன், அவ்வளவுதான்னு ஒரு கூட்டம் சொல்லும், இணையத்துல இந்த எபிசோடைப் பத்திப் பேசுறப்பல்லாம் இந்தக் குரல் கேக்கும். நான் ஒத்துக்க மாட்டேன். அவன் பலவீனமானவன்தான், அதை மறைக்கல, கதைசொல்லியா வர்ற டச்சிகி ஃபுமிஹிகோவோட அந்தக் கனத்த குரலே அவனை விடாம குத்திக்கிட்டே இருக்கும். ஆனா வெயில் இல்லாத இடத்துல 15 மணி நேரம் வேலை வாங்குனாலும் 10 மணி நேரம் வேலை வாங்குனாலும் ஒரு மனுஷனுக்கு ராத்திரி ஏதோ ஒரு சந்தோஷம் வேணும், அந்த ஒரே சந்தோஷத்தை ஒருத்தர் கையில மட்டும் கொடுத்து, விலையை அவரையே வைக்க விட்டா, அதுக்கப்புறம் யார் உறுதியானவன் யார் பலவீனமானவன்னு பேசுறதுக்கே அர்த்தம் இல்ல. அங்க இருக்கிற எத்தனை பேர் 5 லட்சம் சேத்து வெளிய போனாங்கன்னு யோசிச்சாலே போதும், அடிக்கடி போய்ட்டு வர்றது ஓட்சுகிதான். அந்த வெளிநடை பாஸ் கூலியாளுக்காக வச்சது இல்ல, கூலியாளோட காசை உறிஞ்சுறவனுக்காக வச்சது. அடுத்த சம்பளத்துல அட்வான்ஸ் வாங்குறதும் அதே வலைதான், அதுல மாட்டுனவங்க கூட்டத்துக்கு 45 கும்பல்னே பேர் வந்துருது, அது பின்னாடி வரும்.

ஒளிபரப்பான நேரத்தையும் சேத்துப் பாக்கணும்னு நினைக்கிறேன். மங்கா ஆரம்பிச்ச 1996ல ஜப்பான்ல தனியார் கடன் கம்பெனி வருஷத்துக்கு 40.004 சதவீதம் வரைக்கும் வட்டி வாங்குனாலும் ஜெயிலுக்குப் போக வேண்டியதில்ல, 2000ல அதை 29.2க்கு இறக்குனாங்க. வட்டிக் கட்டுப்பாட்டுச் சட்டம் சொன்ன 15ல இருந்து 20 சதவீதத்துக்கும் இந்த உச்சிக்கும் நடுவுல இருந்த சாம்பல் மண்டலத்துலதான் அத்தனை கம்பெனியும் கொழுத்துச்சு. 2006ல சட்டத்தைத் திருத்துனாங்க, 2010 ஜூன்ல முழுசா அமலுக்கு வந்துச்சு, வருஷ வருமானத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல கடன் கொடுக்கக் கூடாதுன்னு ஆச்சு. அதுக்குப் பத்து மாசம் கழிச்சு இந்த எபிசோட் டிவியில வருது. பாத்தவங்கள்ல பலருக்குக் கடன்காரன் வீட்டுக் கதவைத் தட்டுற சத்தம் பழைய கதை இல்ல. கைஜி மாட்டுன மாசம் 20 சதவீதம் இந்த எல்லா உச்சிக்கும் எவ்வளவோ மேல, அது முழுக்க திருட்டு வட்டி, ஆனா அந்தத் திருட்டு வட்டிக்காரன்கிட்ட ஆளைக் கொண்டு போய்ச் சேத்தது பெரும்பாலும் சட்டத்துக்குள்ள நின்ன கடனை அடைக்க முடியாம போனதுதான்.

இந்த எபிசோட் மேல எனக்கு ஒரே ஒரு குறை. எண்டோகிட்ட போற ஆரம்பக் காட்சி ரொம்ப அவசரம், முதல் சீசன் பாக்காம நேரா இங்க வர்றவங்களுக்குக் கைஜிக்கும் எண்டோவுக்கும் இருக்கிற பழைய கணக்கு புரியாது, பின்னாடி எண்டோ திரும்ப முக்கியமா வர்றாரு, அதுக்கு இங்கயே கொஞ்சம் அடித்தளம் போட்டிருக்கலாம். மத்தபடி ஓட்சுகிக்கு இங்க போட்ட அடித்தளம் எவ்வளவு பலம்னா, பிற்பாடு அவர் வெளிநடை பாஸ்ல ஊருக்குள்ள போய்ச் சாப்பிட்டுச் சுத்துறதை மட்டும் வச்சே தனி மங்கா வந்துச்சு, 2018ல வந்த டொனெகாவா அனிமேலயும் அதுல இருந்து சில கதைகளைச் சேத்தாங்க. நல்லா எழுதியிருக்காங்க, ரசிக்கலாம், ஆனா அதைப் பாக்கும்போது அந்த மனுஷன் சாப்பிடுற ஒவ்வொரு வேளையும் யார் கூலியில இருந்து வருதுங்கிறது எனக்குத் தொண்டையில நிக்கும்.

சின்ச்சிரோ பகடை ஆட்டம் சூப்பரா இருக்கும், முதல் எபிசோட் ஸ்லோ, ஸ்கிப் பண்ணிட்டு அங்க போயிடுன்னு சிலர் சொல்றாங்க. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. அந்தக் கிண்ணத்தைச் சுத்தி உக்காந்திருக்கிற ஒவ்வொருத்தனும் ஏன் அவ்வளவு வெறியோட ஆடுறான், தோத்தாலும் ஏன் எந்திரிச்சுப் போக மாட்டேங்கிறான், ஓட்சுகி மேல அவனுங்களுக்கு இருக்கிற கோவம் ஏன் இத்தனை நாள் வாய் திறக்காம கிடந்துச்சுன்னு எல்லாத்துக்கும் காரணம் இந்தக் கடைக் கவுன்ட்டர்லதான் இருக்கு. 3500, 5000, 91,000, 5 லட்சம், இந்த நாலு நம்பரையும் மனசுல வச்சுக்கிட்டு ரெண்டாவது எபிசோடைப் போடுங்க, கிண்ணத்துல விழுற ஒவ்வொரு பந்தயமும் எத்தனை நாள் மண் சுமந்த காசுன்னு தானா கணக்கு ஓடும்.